டாம்கேட்டை நிறுவ ஒரு மாலை, தமிழை வரவைக்க இரண்டு வாரம்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய வாசகசாலை நடத்துகிறோம். புத்தகப் பட்டியல், உறுப்பினர் விவரம், இரவல் கணக்கு எல்லாமே ஒரு ஜாவா வெப் அப்ளிகேஷனில் இருக்கின்றன. முன்பு இருந்த தொண்டூழியர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர் மென்பொருள்தான் டாம்கேட்; அது ஓடிய பழைய கணினியில் அதன் 7ஆம் பதிப்பு இருந்தது. அந்தப் பதிப்புக்கு 2021 மார்ச்சோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. வாடகைக்கு ஒரு லினக்ஸ் சர்வர் எடுத்து, எல்லாவற்றையும் அங்கே மாற்றும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து வந்த பிறகு, இரவுகளில்தான் உட்கார முடிந்தது.

முதல் நாள் புதியதாக இருக்கட்டும் என்று டாம்கேட் 10ஐப் போட்டேன். சர்வர் எழுந்தது, அப்ளிகேஷன் எழவில்லை. பிழைகள் பதிவாகும் லாக் ஃபைலில் 'ஜாவாக்ஸ் சர்வ்லெட்' கிளாஸைக் காணோம் என்று வந்தது. வெப் அப்ளிகேஷன்களுக்கான ஜாவாவின் பகுதியான ஜாவா இஇ, எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போன பிறகு, 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறிவிட்டன. டாம்கேட் 10 புதிய பெயரைத்தான் தேடும். பழைய வார் ஃபைலை (அப்ளிகேஷன் முழுவதையும் கட்டி வைத்த ஒரே ஃபைல்) தானாக மாற்றித் தர அதில் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. ஆனால் மூலநிரலைத் திருத்தாமல் அதை நம்பி உறுப்பினர் பதிவேட்டை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. டாம்கேட் 9, ஜாவா 11 என்று முடிவு செய்தேன்.

நிறுவுவது சுலபம்தான். லாகின் வசதி இல்லாத தனி யூசர் ஒன்றை உருவாக்கி, டாம்கேட்டை அந்தப் பெயரில் ஓடவிட்டேன். டாம்கேட் கேட்கும் 8080 போர்ட்டை வெளியே திறக்கவில்லை. சர்வருக்குள்ளிருந்து மட்டுமே தொடும்படி கட்டிவிட்டு, முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வாசல்காவலாக நிறுத்தி, வெளியிலிருந்து வருவதைப் பாதுகாப்பான 443 போர்ட்டில் சான்றிதழோடு வாங்கினேன். டாம்கேட்டோடு கூடவே வரும் நிர்வாகப் பக்கமான மேனேஜர் அப்ளிகேஷனை அழித்துவிட்டேன். எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அது தேவையே இல்லை.

அப்புறம்தான் தமிழ் படுத்தியது. தேடல் பெட்டியில் தமிழில் தட்டினால் புத்தகம் வருகிறது. புதுப் புத்தகத்தைப் பதிவு செய்தால் தலைப்பு முழுக்கக் குப்பைக் குறிகள். ஒரே அப்ளிகேஷன், ஒரே டேட்டாபேஸ். ஒன்று சரி, இன்னொன்று தவறு. இரண்டு இரவு டேட்டாபேஸையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். காரணம் வேறு. தேடல் சொல் முகவரி வரியில் போகிறது. அதை டாம்கேட், தன் 8ஆம் பதிப்பிலிருந்து, யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் குறியேற்றம்) ஆகவே படிக்கிறது. படிவத்திலிருந்து 'போஸ்ட்' ஆக வருவதையோ, ஒன்றும் சொல்லாவிட்டால், டாம்கேட் 9 இன்னும் பழைய லத்தீன் குறியேற்றமாகவே எடுத்துக்கொள்கிறது. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஐந்து குறிகள் (த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி), 15 பைட். ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்தால் என்ன மிஞ்சும்? பழைய கணினியில் டாம்கேட்டின் அமைப்பு ஃபைலான வெப்.எக்ஸ்எம்எல்லில், வருவதை யுடிஎஃப்-8 ஆகப் படிக்கச் சொல்லும் குறியேற்ற ஃபில்டரை முன்னவர் திறந்து வைத்திருந்தார். வார் ஃபைலை மட்டும் எடுத்து வந்ததில் அது அங்கேயே தங்கிவிட்டது. அதே ஃபில்டரைப் புதிய இடத்திலும் திறந்ததும் சரியாகிவிட்டது. கெட்டுப்போன தலைப்புகளையும் மீட்க முடிந்தது. பைட்டுகள் அழியவில்லை, தவறாகப் படிக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வாசகசாலைப் பொறுப்பாளர் ஐயா கூப்பிட்டார். "தம்பி, பாக்கி லிஸ்ட்டுல பேரெல்லாம் கேள்விக்குறியா வருது, யாருகிட்ட போய் புக்கு கேக்கறது?" புத்தகம் திருப்பாதவர்களின் பட்டியலை அப்ளிகேஷன் வாரம் ஒரு முறை டெக்ஸ்ட் ஃபைலாக எழுதித் தரும். நான் கையால் ஓட்டிப் பார்த்தபோது தமிழ் அழகாக வந்தது. சர்வீஸாக, அதாவது பின்னணியில் தானாக, ஓடும்போது ஒவ்வொரு குறியும் கேள்விக்குறி. நான் உள்ளே நுழையும்போது என் மடிக்கணினியின் மொழி அமைப்பும் கூடவே போகிறது. சர்வீஸுக்கு அந்த அமைப்பு கிடையாது. ஜாவா 11 அந்த அமைப்பைப் பார்த்துத்தான் ஃபைல் எழுதும் குறியேற்றத்தை முடிவு செய்கிறது. ஜாவா 18இலிருந்துதான் யுடிஎஃப்-8 இயல்பானது. டாம்கேட் தொடங்கும்போது படிக்கும் 'செட்என்வி' ஸ்கிரிப்டில் ஃபைல் குறியேற்றத்தை யுடிஎஃப்-8 என்று எழுதி வைத்தேன். குப்பைக் குறியை மீட்கலாம், கேள்விக்குறியை மீட்க முடியாது. பெயர்கள் டேட்டாபேஸில் பத்திரமாக இருந்ததால் தப்பித்தோம்.

அதே ஸ்கிரிப்டில் நேரத்தையும் ஆசியா/கோலாலம்பூர் என்று வைத்தேன். சர்வர் உலகப் பொது நேரத்தில், எட்டு மணி நேரம் பின்னால் இருந்ததால், ஞாயிறு காலை ஏழரைக்கு எடுத்த புத்தகம் சனிக்கிழமைக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. வெறுமனே கூட்டல் எட்டு என்று போடாதீர்கள். தீபகற்ப மலேசியா 1982 பிறக்கும்வரை கூட்டல் ஏழரை மணி நேரக் கணக்கில் இருந்தது. அதற்கு முன் பிறந்தவர்களின் தேதி நள்ளிரவு நேரத்தோடு சேமிக்கப்பட்டிருந்தால், அந்த அரை மணி நேரத்தில் ஒரு நாள் நழுவிவிடக்கூடும்.

கடைசிச் சிக்கல் நம்மூருக்கே உரியது. சில உறுப்பினர்களின் பக்கம் மட்டும் 400 பிழையோடு நின்றது. அடையாள அட்டையில் உள்ளபடி 'ஏ/எல்' (இன்னாரின் மகன்), 'ஏ/பி' (இன்னாரின் மகள்) சேர்த்துப் பதிந்தவர்கள் அவர்கள். அப்ளிகேஷன் பெயரையே முகவரியின் பாதையில் வைக்கிறது; அதில் குறியேற்றப்பட்டு வரும் சாய்கோட்டை (/) பாதுகாப்புக்காக டாம்கேட் மறுத்துவிடும். அனுமதிக்கச் சொல்லும் அமைப்பு, டாம்கேட்டில் கோரிக்கைகளை வாங்கும் பகுதியான கனெக்டரில் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. மூலநிரலைத் திறந்து, பெயர் இருந்த இடத்தில் உறுப்பினர் எண்ணைப் போட்டேன். அதற்கு மூன்று இரவுகள் ஆயின.

போன ஞாயிறு பாக்கிப் பட்டியலை அச்சடித்து ஐயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். மூன்றாவது பெயரில் நிறுத்தி, தொலைபேசியை எடுத்தார்.