தினமும் ஓட்டுவதற்கு ஒரு 1957 பியட்

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பில், தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் அந்தக் கார் நின்றிருந்தது. நான்கு டயரும் தரையோடு அமுங்கிக் கிடந்தன. பின்சீட்டில் கோழி அடைகாத்த வைக்கோல் இன்னும் இருந்தது. முன்கதவின் பிடியை இழுத்தேன். கீல் நடுத்தூணில் இருந்ததால் கதவு பின்பக்கமாக விரிந்தது. இரண்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த மாடல் இதுதான்.

பியட் 1100-103. இதை 'மில்லெசென்டோ' என்றும் சொல்வார்கள்; இத்தாலிய மொழியில் ஆயிரத்து நூறு என்று பொருள். 1953 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் பியட் இதை வெளியிட்டது. தாந்தே ஜியகோசா என்ற பொறியாளரின் வேலை. 103 என்பது நிறுவனத்துக்குள் அந்தத் திட்டத்துக்கு இருந்த எண். 1954 முதல் மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இதைக் கோத்து விற்றது. பின்பக்கம் உருண்டையாக இருப்பதால் மும்பையில் இதற்கு 'டுக்கர் பியட்' என்று பெயர். மராத்தியில் டுக்கர் என்றால் பன்றி. பிற்பாடு அதே பிரீமியர் விற்ற பத்மினி கார் நம் ஊர்ச் சாலைகளில் நிறைந்திருந்தது, இன்றைக்கும் தேடினால் கிடைக்கும். இந்த உருண்டை உடம்புக் கார் அப்படிக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர்களும், கண்காட்சிக்குப் பளபளப்பாக்கி வைப்பவர்களும் முந்திக்கொள்வார்கள்.

எனக்குத் தேவை வேறு. வடவள்ளியில் வீடு, பீளமேட்டில் கல்லூரி. போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தைத் தினமும் இந்தக் காரில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்படி ஒரு கார் அதன் சத்தத்தோடும் பெட்ரோல் வாசத்தோடும் ஓடும்போதுதான் உயிரோடு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. "இவரு போனப்புறம் யாரும் எடுக்கலைங்க தம்பி. வாங்கி என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். "தினமும் வேலைக்கு ஓட்டிட்டுப் போவேன்மா" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அப்ப சரிங்க" என்றார். 1,80,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். அது 2022 அக்டோபர்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் உக்கடத்திலிருந்து மெக்கானிக் பாயை அழைத்துப் போனேன். எண்பதுகளில் பியட் டாக்சிகளுக்கு வேலை பார்த்த கை அது. அவர் எஞ்சின் பக்கம்கூடப் பார்க்கவில்லை. ஜாக்கியை வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, "இப்ப கதவைச் சாத்துங்க சார்" என்றார். இந்தக் காருக்கு அடியில் தனிச் சேஸி கிடையாது, உடம்பே சேஸி. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி துருப்பிடித்து அரித்திருந்தால், காரைத் தூக்கும்போது உடம்பு வளையும், கதவு உட்காராது. வலது கதவு சுகமாகச் சாத்தியது. இடது கதவு விரற்கடை தூரத்தில் முட்டி நின்றது. அப்புறம் காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பெங்கும் நகர்த்தினார். இடது பின்சக்கர வளைவில் அது ஒட்டவே இல்லை. முன்பு யாரோ தகரம் போன இடத்தைப் பட்டி வைத்தே நிரப்பிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பட்டி வைத்த கார் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஈரம் தங்கித் தகரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு சோதனையையும்தான் முதலில் சொல்வேன். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், அழுகிய உடம்பைச் சரிசெய்வதுதான் பணத்தைக் கரைக்கும்.

பேனட்டுக்குள் இருந்தது பத்மினி எஞ்சின். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எஞ்சின் நம்பர் வேறு. எனக்கு மனசு தளர்ந்துவிட்டது. பாய் அந்த அம்மாவிடம் விசாரித்தார். பழைய எஞ்சின் அதே கொட்டகையில், சாக்குப் போட்டு மூடிய நிலையில் இருந்தது. எந்தப் பக்கமும் சுழலாமல் இறுகிப்போயிருந்தது. ஆனால் நம்பர் ஒத்துப்போனது.

காகித வேலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆர்.சி. காலஞ்சென்ற கணவர் பெயரில் இருந்தது. அதனால் முதலில் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து அந்த அம்மா பெயருக்கு மாற்றினோம். அதன் பிறகுதான் படிவம் 29, 30 மூலம் என் பெயருக்கு. பழைய மூன்றெழுத்து எண் கொண்ட கார் என்பதால் கணினிப் பதிவிலேயே இல்லை. பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றிக்கொடுத்தார்கள். பதிவுக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. புதுப்பிக்கப் படிவம் 25, வண்டியை நேரில் காட்டி எஃப்.சி. பதினைந்து வருடம் தாண்டிய சொந்தக் கார்களுக்கு அப்போது கட்டணம் 5,000 ரூபாய். தாமதத் தொகையும் பசுமை வரியும் தனி.

எல்லோரும் எனக்குச் சொன்ன யோசனை, 'வின்டேஜ்' என்று பதிவு செய்துவிடு என்பது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி அது. ஐம்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். நான் விதியை முழுக்கப் படித்தேன். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் சாலையில் எடுக்கலாம். வழக்கமான உபயோகம் கூடாது. தினமும் ஓட்ட நினைப்பவர் அந்தப் பக்கம் போகவே கூடாது. சாதாரணப் புதுப்பித்தல்தான் வழி. பதிவு ஐந்தைந்து வருடமாக நீளும், ஒவ்வொரு முறையும் காரை நல்ல நிலையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில் பாய்க்கும் எனக்கும் ஒரே எண்ணம். பெயின்ட் கடைசி. பிரேக்தான் முதலில்.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் ஒரே மாஸ்டர் சிலிண்டர். ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்குமே பிரேக் போய்விடும். பழைய குழாய் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. வீல் சிலிண்டர்கள் உள்ளே குழி விழுந்திருந்தன. கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அவற்றைக் கடைந்து உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டோம். கோயம்புத்தூரில் இருப்பது இந்தக் காருக்குப் பெரிய பலம். கிடைக்காத பாகத்தைத் தேடி அலைவதைவிட, உடைந்ததைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், "நாளைக்கு வாங்க, பண்ணி வைக்கிறேன்" என்று சொல்லும் லேத்காரர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

இறுகிப்போன பழைய எஞ்சின் மூன்று வாரம் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊறியது. பிறகு மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி பிஸ்டன்களை எடுத்தார்கள். 1,089 சி.சி.; போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 68 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 75. இந்த அளவு 1937ல் வந்த பழைய 1100லேயே இருந்தது. பத்மினியின் கடைசி நாள் வரைக்கும் மாறவில்லை. அதனால்தான் இன்றைக்கும் இந்த எஞ்சினைப் பிழைக்க வைக்க முடிகிறது. தேய்ந்த சிலிண்டர்களைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து (ரீபோர்), பத்மினிக்கு வந்த ஓவர்சைஸ் பிஸ்டன் செட்டை ஒவ்வொன்றாக அளந்து பார்த்துப் போட்டோம். செட் கிடைத்தது சென்னை புதுப்பேட்டையில், எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல். அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் வால்வுகள் வந்து உட்காரும் சீட் ரிங்குகளை மாற்றினோம். இந்தக் கார் பிறந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அதுவே வால்வுகளுக்கு ஒரு காப்பு. 2000ல் நாடு முழுக்க ஈயம் போய்விட்டது. கடினமான ரிங் போடாவிட்டால் தினசரி ஓட்டத்தில் சீட் தேய்ந்துவிடும் என்றார் பாய்.

இப்போதைய பெட்ரோலில் இன்னொரு விஷயம் எத்தனால். அது பழைய ரப்பரை இளக வைக்கும், டேங்கில் ஈரத்தை இழுக்கும். டேங்கை இறக்கி உள்ளே கழுவி, குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். எஞ்சினுக்குப் பெட்ரோலை இழுக்கும் பம்ப்பின் டயாபிரத்துக்கு (உள்ளே இருக்கும் சவ்வு) அப்படி ஒரு ரகம் தேடிப்பிடிக்க இரண்டு மாதம் ஆனது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஒழுகும் பெட்ரோல், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் கார் முழுக்கப் போய்விடும்.

மாற்றங்கள் சிலவற்றை மனதாரச் செய்தேன். பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவுக்குப் பதில் சின்ன ஆல்டர்னேட்டர், ஹெட்லைட்டுக்கு ரிலே, ரேடியேட்டருக்குப் புதுக் கோர், அதன் முன்னால் ஒரு மின்விசிறி. எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும், யாரோ கழற்றி எறிந்திருந்த தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டோம். இவை எல்லாமே திரும்பக் கழற்றிவிடக்கூடியவை. உடம்பில் ஒரு புதுத் துளைகூடப் போடவில்லை.

உடம்பு வேலை ஏழு மாதம். டிங்கரிங் அண்ணன் இடது பக்கப் பெட்டிப் பகுதியை முழுக்க வெட்டி எடுத்தார். வெட்டுவதற்கு முன் உள்ளே கதவுச் சட்டங்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து அளவை நிறுத்திக்கொண்டார். அதைச் செய்யாமல் வெட்டினால் கார் நடுவில் மடங்கிவிடும். முன்கதவுப் பூட்டுகளில் அதிக நேரம் போனது. பின்பக்கம் கீல் உள்ள கதவு ஓட்டத்தில் கொஞ்சம் விடுபட்டாலும் காற்று அதைப் பிடித்து விரித்துவிடும். உள்ளே ஒரு தாழ்ப்பாள் போடலாம் என்றார் ஒருவர். விபத்து நேர்ந்தால் வெளியே இருப்பவர் கதவைத் திறக்க முடியாமல் போகுமே என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. பூட்டின் தேய்ந்த நாக்கையும் அது விழும் கொக்கியையும் லேத்தில் புதிதாகச் செய்து மாட்டினோம். இப்போது கதவு சாத்தும் சத்தம் ஒரே 'டக்'.

நிறம் பழைய பச்சைதான். டேஷ்போர்டுக்கு அடியில் வெயில் படாத இடத்தில் ஒட்டியிருந்த பெயின்டை வைத்துக் கலந்தார்கள்.

செலவைக் கேட்பவர்களுக்கு: எஞ்சின், கியர், பிரேக் சேர்த்து 1,95,000. உடம்பும் பெயின்டும் 1,70,000. வயரிங், கண்ணாடி, ரப்பர், சீட் 85,000. காரின் விலையோடு சேர்த்தால் 6,30,000. காகித வேலை தனி. இருபது மாதம் ஆனது.

2024 ஜூன் மாதம் முதன்முதலாகக் கல்லூரிக்கு ஓட்டிப்போனேன். ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், நான்கு கியர். முதல் கியருக்கு, பற்களை உரசாமல் சேர்க்கும் சின்க்ரோமெஷ் இல்லை; கார் முழுசாக நின்ற பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் பல் கடிக்கும். லட்சுமி மில்ஸ் சிக்னலில் ஊர்ந்து போகும்போது இரண்டாவதிலேயே இழுக்கக் கற்றுக்கொண்டேன். லிட்டருக்குப் பதினோரு கிலோமீட்டர் தருகிறது.

அடுத்த ஏப்ரலில் ஒரு சோதனை வந்தது. மதியம் இரண்டு மணி, அவிநாசி ரோட்டில் நெரிசல். எஞ்சின் இருமி நின்றுவிட்டது. பாய்க்குப் போன் போட்டேன். "பம்ப் மேல ஈரத்துணி போட்டுப் பத்து நிமிஷம் நில்லுங்க சார்" என்றார். பெட்ரோல் சூட்டில் குழாயிலேயே ஆவியாகி, பம்ப் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. துணி போட்டதும் குளிர்ந்து, பிடித்துக்கொண்டது. அந்த வாரமே குழாயை மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோய், நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைத்தோம். அதன் பிறகு நிற்கவில்லை.

முன்சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங்பின்னின் நிப்பிள்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரீஸ் அடிக்கிறேன். தவறவிட்டால் ஸ்டீயரிங் கனத்துப்போவது கையிலேயே தெரியும். அப்படி ஒரு ஞாயிறு, வேலை முடிந்ததும் பொள்ளாச்சிக்கு ஓட்டிப் போனேன். அந்த அம்மா திண்ணையிலிருந்து இறங்கி வந்து, முன்கதவைத் தானாகவே திறந்து உட்கார்ந்தார். கதவு எந்தப் பக்கம் விரியும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோப்பைச் சுற்றி ஒரு வட்டம் போய் வந்தோம். "கியர் மாத்துற சத்தம் அப்படியே இருக்குதுங்க" என்றார்.

இதுவரை பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின் ஆக்சிலில் ஓர் ஆயில் சீல் லேசாகக் கசிகிறது. புதுப்பேட்டையிலிருந்து வந்த சீல் பாயின் பட்டறையில் இருக்கிறது, வரும் ஞாயிறு மாற்றுகிறோம்.