இளைப்பு ஆறும் நேரம்

"மூச்சு இளைக்குது சிஸ்டர்" என்று சொல்லாத நோயாளி இல்லாத இரவு எங்கள் வார்டில் அபூர்வம். பல ஆண்டுகள் பீடி பிடித்து நுரையீரல் கெட்டுப்போன பெரியவர்களுக்கு விடியலுக்கு முந்திய நேரத்தில்தான் இளைப்பு கூடும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, முன்னால் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் கைகளை ஊன்றச் செய்து, மருந்தை நுண்துளிகளாக்கி உள்ளிழுக்கச் செய்யும் நெபுலைசரை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். விலா எலும்புகளின் நடுவே உள்வாங்கிக்கொண்டிருந்த தோல் சிறிது சிறிதாக அடங்கும், தோள்கள் இறங்கும், பேசத் தொடங்குவார், அல்லது உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். இளைப்பு ஆறுவதை இப்படி நூற்றுக்கணக்கான முறை கண்ணால் பார்த்த பிறகுதான், சிறுவயது முதல் ஆலயத்தில் கேட்டுவந்த ஒரு வார்த்தை எனக்குப் பிடிபட்டது.

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்; நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்பது மத்தேயு 11-ஆம் அதிகாரத்தின் 28-ஆம் வசனம். மிஷனரி ஹென்றி பவர் ஐயர் முன்னின்று திருத்தி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்த வேதாகமத்தைத்தான் எங்கள் வீட்டிலும் ஆலயத்திலும் இன்றும் வாசிக்கிறோம். ஓய்வு என்றால் வேலை நின்றுவிட்டது என்று பொருள், இளைப்பாறுதல் அப்படியல்ல. புண் ஆறுகிறது, காய்ச்சிய பால் ஆறுகிறது, அதுபோல இளைப்பும் ஆறுகிறது. அதற்கு நேரம் பிடிக்கும், பக்கத்தில் ஒருவர் நிற்கவும் வேண்டும். அடுத்த வசனமே நுகத்தைப் பற்றிப் பேசுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நுகம் பூட்டிய மாட்டுக்கு வேலை முடிந்துவிடுவதில்லை.

இதையெல்லாம் நான் அமைதியான ஒரு மாலையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய காலத்தில் ஓர் இரவு, இன்சுலினைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் சிரிஞ்சு பம்பில் மணிக்கு 1.5 மில்லி என்று வைக்க வேண்டிய அளவை 15 என்று வைத்துவிட்டேன். ஐம்பது மில்லி சிரிஞ்சில் ஐம்பது யூனிட் என்று கலந்திருக்கும்போது மணிக்கு ஒன்றரை யூனிட் போக வேண்டிய இடத்தில் பதினைந்து யூனிட் போகும். ஒரு புள்ளி விழாமல் போனதற்கு அவ்வளவு விலை. இரண்டு படுக்கைகளைக் கவனிக்க வேண்டிய எனக்கு அன்று நான்கு படுக்கைகள் என்பது உண்மைதான். ஆனாலும் பொத்தானை அழுத்தியது என் விரல். அரை மணி நேரம் கழித்து அந்த அம்மாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றதைப் பார்த்துச் சர்க்கரையைச் சோதித்தேன், மிகவும் இறங்கி 58 காட்டியது. பம்பை நிறுத்தி, மருத்துவரை அழைத்து, குளுக்கோஸ் ஏற்றி, அளவு மேலே வரும்வரை அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. அவர் தேறிவிட்டார், ஒரு வாரத்தில் வீட்டுக்கும் போனார். போகும்போது என் கையைப் பிடித்து, "நல்லா இருப்ப தாயி" என்றார். நடந்ததை அவருடைய மகனிடம் மருத்துவர் முன்னமே சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்கு எவ்வளவு புரிந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. காலை ஏழரை மணிக்கு ஒவ்வொரு படுக்கையாக நின்று, அடுத்து வரும் சிஸ்டரிடம் பொறுப்பை ஒப்படைத்து ஓவர் கொடுப்பேன்: என்ன மருந்து ஓடுகிறது, எவ்வளவு சிறுநீர் போயிருக்கிறது, எந்தப் பரிசோதனை முடிவு வர வேண்டியிருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிடுவேன். ஆனால் பேருந்தில் ஏறியதும் கைப்பேசியை எடுத்து, ஆறாம் படுக்கையின் பம்பை ஒருமுறை பார்க்கச் சொல்லி வார்டுக்குப் பேசுவேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் பம்பின் அலாரம் காதில் ஒலிக்கும். மிக்ஸியின் சத்தம் கேட்டால்கூட எழுந்து உட்காருவேன். ஆலயத்தில் இதைச் சொன்னபோது, இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டும் என்று ஒருவர் புத்தி சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் களைத்தவள் தலையில் அது இன்னொரு வேலையைக் கட்டியதாகவே எனக்குப் பட்டது.

எனக்கு உதவியது ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் ஒரு மாலை ஆராதனையில் வாசிக்கப்பட்ட எலியாவின் கதை. போதும் கர்த்தாவே என்று சொல்லி, சாவை வேண்டிக்கொண்டு, சூரைச்செடியின்கீழ்ப் படுத்துவிட்ட தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொள்கிறான். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லாமல், இரண்டாம் முறையும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். "எலியா செய்தது சரியா தவறா என்று கடவுள் அந்த இடத்தில் கேட்கவில்லை" என்று எங்கள் போதகர் ஐயர் ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போனார். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நல்ல செவிலி செய்வதைத்தான் அந்தத் தூதன் செய்திருந்தான்.

அன்றைய பாவ அறிக்கையும் புதிதாகக் கேட்டது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும் செய்யத் தகாததைச் செய்ததையும் சபையாரோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லும் அந்தப் பகுதியை எத்தனையோ ஆண்டுகளாகப் பழக்கத்தில் ஒப்பித்திருக்கிறேன். பம்பின் தவறுக்காக மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த அறிக்கையில் என்ன, எப்போது, எவ்வளவு என்று எழுத இடமிருந்தது. மன்னிப்புக்கு இடமில்லை, இருக்கவும் முடியாது. ஆராதனையில் அறிக்கைக்குப் பிறகு மன்னிப்பின் வார்த்தை வருகிறது. அதைக் கேட்டு நான் அழவில்லை, உருகவுமில்லை. தோள்கள் மட்டும் சற்று இறங்கின.

அடுத்த இரவுப் பணியின்போது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலைக் கடக்கையில், வராந்தாவில் பாய் விரித்து நோயாளிகளின் உறவினர்கள் உறங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். செருப்புகளைத் தலைக்கு வைத்து, மருந்துச் சீட்டுப் பையைக் கையில் சுற்றிக்கொண்டு, உள்ளே கணவனும் தாயும் பிழைப்பார்களா என்று தெரியாத நிலையிலும் அவர்களால் உறங்க முடிகிறது. ஏனென்றால் உள்ளே நாங்கள் விழித்திருக்கிறோம். "இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்ற 121-ஆம் சங்கீதத்தை எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தவள் நான். கடவுளுக்கு நிரந்தர நைட் டியூட்டி என்று சிறுமியாக இருந்தபோது கேலி செய்து அம்மாவிடம் குட்டு வாங்கியதும் உண்டு. வராந்தாவில் படுத்திருக்கும் ஆட்களுக்கு என்மேல் இருந்த நம்பிக்கைகூட எனக்கு அவர்மேல் இருக்கவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

இப்போது காலையில் ஓவர் கொடுத்து முடித்ததும், உடை மாற்றும் அறையில் ஒரு நிமிடம் நின்று அதே வரிசையில் இன்னொரு முறை ஓவர் கொடுக்கிறேன்: முதல் படுக்கை, இரண்டாம் படுக்கை என்று, இந்த முறை கடவுளிடம். பெயர் சொல்லி, என் கையை மீறியது எது என்றும் சொல்லிவிடுவேன். இது பம்பைச் சரிபார்ப்பதற்கு மாற்று அல்ல. இன்சுலின் போன்ற மருந்துகளுக்கு அளவு வைக்கும்போது இன்னொரு சிஸ்டரை அழைத்துக் காட்டாமல் நான் பொத்தானைத் தொடுவதே இல்லை. அலாரச் சத்தமும் முற்றாகப் போய்விடவில்லை.

சென்ற வாரம்கூட பேருந்தில் உட்கார்ந்து வார்டுக்குப் பேசினேன். எடுத்தவள் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண். குரலை வைத்தே கண்டுகொண்டு, நான் கேட்பதற்கு முன்னமே, "ஆறாம் பெட்டு பம்பு ஒழுங்கா ஓடுதுக்கா, நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஏதாவது சாப்பிட்டுட்டுப் போய் உறங்குங்க" என்றாள்.