வீட்டுக்காரர் கீழே இறங்கி வரும்போது

கனடாவில் ரொறொன்ரோவின் ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்து இறங்கும் எங்கள் ஆட்கள் பலருக்கு முதல் வீடு பேஸ்மென்ற், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளம்தான். எங்களுக்கும் அப்படித்தான். மேலே வீட்டுக்காரர் குடும்பம், கீழே நானும் இவரும் கைக்குழந்தையும். பக்கக் கதவைத் திறந்தால் படி. படி முடியும் இடத்தில் வோஷிங் மெஷினும் ட்ரையரும் வைத்த சின்ன நடை. அது இரண்டு குடும்பத்துக்கும் பொது. அதற்கு அங்கால் எங்கள் கதவு, குசினி, ஒரு அறை, குளியலறை. வீடு முழுவதற்கும் சூடு அனுப்பும் ஃபேர்னஸ் எங்கள் குசினிக்குப் பின்னால் இருந்த சிறு அறைக்குள் இருந்தது. அதற்குப் போவதென்றால் எங்கள் வீட்டுக்குள்ளால்தான் போக வேண்டும்.

வீட்டுக்கார அண்ணை நல்ல மனிதர். முதல் பனிக்காலத்தில் பிள்ளைக்குச் சப்பாத்தும் ஜாக்கெட்டும் தேடிப்பிடித்துத் தந்தவர். ஆனால் ஃபேர்னஸின் ஃபில்டர் மாற்ற, மின்சார பிரேக்கர் பார்க்க, குழாயில் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று பார்க்க அடிக்கடி கீழே வருவார். "தங்கச்சி, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே தன்னிடம் இருந்த திறப்பால் கதவைத் திறந்துவிடுவார். இவருக்கோ களஞ்சியத்தில் இரவு வேலை, பகலில்தான் நித்திரை. ஒருநாள் நான் குளித்துவிட்டு ஈரத் தலையும் துவாயுமாக வெளியே வருகிறேன், அண்ணை ஃபில்டரும் கையுமாகக் குசினி நடுவில் நிற்கிறார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். அவர் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு நான் குளிக்கப் போகும்போதெல்லாம் ஒரு கதிரையை இழுத்து வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போனேன். மாதம் தவறாமல் வாடகை கட்டும் வீட்டில் ஒரு பெண் அப்படிக் குளிக்கவேண்டி வருவது சரியில்லை. அதை யாருக்கும் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் அனெக்ஸ், அதாவது வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய வாடகைப் பகுதி, எடுத்து இருந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. வீட்டுக்கார அம்மா நினைத்த நேரம் வருவா, என்ன கறி என்று பார்ப்பா, யார் வந்து போகிறார்கள் என்று கேட்பா. அவவின் வீடு, அவவின் சட்டம் என்று பழகிவிட்டோம். அதே மனத்தோடுதான் இங்கேயும் வருகிறோம். ஆனால் இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் வாடகை கட்டிக் குடியிருக்கும்வரை அந்த வீட்டுக்குள் யார் எப்போது வரலாம் என்பதைத் தீர்மானிப்பது வீட்டுக்காரரின் விருப்பம் அல்ல. அதற்கு 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் இருக்கிறது.

எனக்கு அது தெரியவந்தது புதிதாக வந்தவர்களுக்கான லிங்க் ஆங்கில வகுப்பில். ஆசிரியை வாசிப்புப் பயிற்சிக்கு எடுத்து வந்தது மாகாணத்தின் பொது வாடகை ஒப்பந்தப் படிவம். 2018 ஏப்ரல் 30ஆம் திகதிக்குப் பிறகு செய்யும் பெரும்பாலான வீட்டு வாடகை ஒப்பந்தங்களுக்கு அந்தப் படிவம் கட்டாயம். அதன் பின்பக்கங்களில் வீட்டுக்காரரின் உரிமை என்ன, குடியிருப்பவரின் உரிமை என்ன என்று எளிய ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போடும் கடதாசிதான், ஆனால் அந்தப் பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். திருத்த வேலை செய்ய, வீட்டின் நிலைமையைப் பார்வையிட, வங்கிக்காரரையோ இன்சூரன்ஸ்காரரையோ கூட்டிவந்து காட்ட, வாங்க வருபவருக்குக் காட்ட, அல்லது ஒப்பந்தத்தில் எழுதிய நியாயமான வேறு காரணத்துக்கு வீட்டுக்காரர் உள்ளே வரலாம். ஆனால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். என்ன காரணம், எந்த நாள், எத்தனை மணி என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அந்த நேரம் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். வாயால் சொல்வது நோட்டீஸ் ஆகாது. கதவில் ஒட்டிவிட்டுப் போனால் போதும். ஈமெயிலில் அனுப்புவதென்றால் அதற்கு நாங்கள் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். ஒப்பந்தப் படிவத்திலேயே அதற்கு ஒரு கேள்வி இருக்கிறது, கவனித்துப் பதில் போடுங்கள்.

நோட்டீஸ் இல்லாமல் வரக்கூடிய நேரமும் உண்டு. குழாய் வெடித்துத் தண்ணீர் ஓடுகிறது, புகை வருகிறது என்றால் அது அவசரம், யாரும் 24 மணி நேரம் காத்திருக்க முடியாது. அவர் வந்து தட்டும்போது நாங்களே "வாங்கோ" என்று சொன்னாலும் வரலாம். அப்படிக் கூப்பிடுவதா இல்லையா என்பது எங்கள் கையில் இருக்கிறது. லோண்டரி நடை போன்ற பொது இடத்துக்கு அவர் வர நோட்டீஸ் தேவையில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் அண்ணையிடம் நேரே போய்ச் சட்டம் கதைக்க எனக்கு மனம் வரவில்லை. கோவித்துக்கொள்வார், ஊருக்குள் பேசுவார்கள், வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிடுவார் என்ற பயம். பல பேரை வாய் மூடி இருக்க வைப்பது இந்தப் பயம்தான். கடைசியில் லோண்டரியில் உடுப்பு மடிக்கும்போது அண்ணையின் மனைவி அக்காவிடம்தான் சொன்னேன். "அக்கா, அண்ணை வாறது பிரச்சினை இல்லை. ஆனா இவர் பகலிலதான் படுக்கிறவர், நானும் பிள்ளையோட எந்த நேரம் எப்படி இருப்பன் எண்டு தெரியாது. வாறதுக்கு முதல் நாள் ஒரு துண்டில எழுதிக் கதவில ஒட்டிவிடச் சொல்லுங்கோ." அக்கா துவாயை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "ஐயோ பிள்ளை, இதை முதலே சொல்லியிருக்கலாமே. நானும் ஒரு பொம்பிளைதானே" என்றா.

அடுத்த முறை கதவில் ஒரு துண்டு இருந்தது. "வெள்ளிக்கிழமை காலை 11 மணி. ஃபில்டர் மாத்த." நாள், நேரம், காரணம் மூன்றும் அந்தச் சின்னத் துண்டிலேயே இருந்தன. வெள்ளிக்கிழமை வந்து கதவைத் தட்டி, நான் திறக்கும்வரை நின்றார். அதற்குப் பிறகு அவருக்குத் தேநீர் கொடுப்பதும் எனக்கு இலேசாக இருந்தது.

எல்லா வீட்டுக்காரரும் இப்படி இருக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பிறகு நாங்கள் மாறிப்போன வீட்டில் சொந்தக்காரர் வேறு நகரத்தில் இருந்தார். சிறிது காலத்தில் வீட்டை விற்பனைக்குப் போட்டார். அதோடு ஏஜென்ற் வரத் தொடங்கினார். ஏஜென்ற்மார் திறந்து வருவதற்காக வீட்டுத் திறப்பை உள்ளே வைத்த திறப்புப் பெட்டி ஒன்று கதவுப் பிடியில் தொங்கியது. மத்தியானம் போன் வரும், "இண்டைக்கு அஞ்சு மணிக்கு ஆட்கள் வருகினம், வீட்டைக் கொஞ்சம் துப்புரவா வையுங்கோ" என்று. வந்தவர்களில் ஒருவர் எங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். இன்னொருவர் பனிச் சப்பாத்தோடு சாமிப் படம் வைத்திருந்த மூலைவரை போனார். உப்பும் சேறும் கலந்த தண்ணீர் விளக்கடியில் நின்றது. அதைத் துடைத்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஏஜென்றுக்கென்று தனி உரிமை எதுவும் இல்லை. அவர் பதிவு பெற்ற முகவராக இருக்க வேண்டும், வீட்டுக்காரரின் எழுத்து அனுமதி இருக்க வேண்டும், அந்த 24 மணி நேர நோட்டீஸ் அவருக்கும் பொருந்தும். திறப்புப் பெட்டி தொங்குவதால் எவரும் நினைத்தபடி உள்ளே வர முடியாது. அவர்கள் வரும்போது நாங்கள் வெளியே போக வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை, வீட்டிலேயே இருக்கலாம். விளம்பரத்துக்குப் படம் எடுப்பது பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2016இல் ஒன்ராறியோவின் டிவிஷனல் கோர்ட் ஒரு வழக்கில், ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிராதபோது விற்பனைப் படம் எடுக்க உள்ளே வருவதை இந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. பிள்ளையின் படமும் எங்கள் சாமான்களும் இணையத்தில் போவதை விரும்பாதவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நாங்கள் ஏஜென்றுக்கு ஒரு ஈமெயில் எழுதினோம். முதல் நாளே எழுத்தில் அறிவித்தால் எங்களுக்குத் தடை இல்லை, இவர் நித்திரை கொள்ளும் நேரம் இது, அதைத் தவிர்த்தால் உதவியாக இருக்கும், சப்பாத்தை வாசலில் கழற்றச் சொல்லுங்கள் என்று. நித்திரையும் சப்பாத்தும் சட்டத்தில் இல்லாத விஷயங்கள், அவற்றை வேண்டுகோளாகத்தான் வைத்தோம். இரண்டையும் கேட்டு நடந்தார்கள். எழுத்தில் போனதும் அவர்களின் பேச்சே மாறியது.

ஆனால் முறையாக நோட்டீஸ் வந்த பிறகு "வர விடமாட்டேன்" என்று கதவை அடைத்து நிற்க எங்களுக்கு உரிமை இல்லை. நாங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அடிக்கடி மறித்தால் அதையே காரணமாகக் காட்டி எங்களை வீட்டை விட்டு எழுப்பக் கேட்கவும் வழி இருக்கிறது. வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் பூட்டை மாற்றவும் கூடாது. அதேபோல வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால் புதுத் திறப்பை எங்களுக்குத் தந்தே ஆக வேண்டும். நாங்கள் வீட்டை விட்டுப் போவதற்கு நாங்களோ அவரோ ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்துவிட்டால், புதிதாக வாடகைக்கு வருபவர்களைக் காட்டுவதற்கு 24 மணி நேர நோட்டீஸ் தேவையில்லை. அப்போதும் 8 மணிக்கும் 8 மணிக்கும் இடையில்தான் வரலாம், முன்கூட்டியே அறிவிக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும்.

வீடு விற்றவுடன் குடியிருப்பவர் எழும்ப வேண்டும் என்று எங்கள் ஆட்கள் பலர் நம்புகிறார்கள். அது பிழை. வீட்டோடு வாடகை ஒப்பந்தமும் புதுச் சொந்தக்காரரிடம் போகிறது. மூன்று குடியிருப்புகளோ அதற்குக் குறைவாகவோ உள்ள வீட்டை வாங்குபவர் உண்மையிலேயே தான் குடியேறப் போகிறார் என்றால், விற்கும் வீட்டுக்காரர் அவர் சார்பில் என்12 என்ற படிவத்தில் குறைந்தது 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும், ஒரு மாத வாடகையை நட்ட ஈடாகவும் தர வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததற்காக அன்றைக்கே பெட்டி கட்டத் தேவையில்லை. நாங்கள் போகாவிட்டால் வீட்டுக்காரர், வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் கட்டளை வாங்க வேண்டும். உரிமையைக் கேட்டதற்குப் பழிவாங்கத்தான் எழுப்பப் பார்க்கிறார் என்று தீர்ப்பாயத்துக்குத் தெரிந்தால் அந்தக் கட்டளையை மறுத்தே ஆக வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது அறை வாடகைக்கு இருக்கும் மாணவப் பிள்ளைகள்தான். வீட்டுக்காரரோ அவரது மனைவி, பிள்ளை, பெற்றோரோ அதே வீட்டில் குடியிருந்து, அவர்களோடு குசினியையோ குளியலறையையோ பங்கிட வேண்டும் என்ற நிபந்தனையில் அறை எடுத்தால், இந்தச் சட்டமே அவர்களுக்குப் பொருந்தாது. 24 மணி நேரமும் இல்லை, தீர்ப்பாயமும் இல்லை. அப்படியானவர்கள் யார் எப்போது அறைக்குள் வரலாம் என்பதை அறை எடுக்கும்போதே எழுதி வாங்க வேண்டும், கதவுக்கு உள்பூட்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் வேறு இடத்தில் இருக்க, வாடகைக்கு இருப்பவர்கள் மட்டும் குசினியைப் பங்கிடுவது வேறு கதை, அந்த விதிவிலக்கு அங்கே வராது. நகரசபையின் அனுமதி இல்லாத பேஸ்மென்ற் என்பதாலும் குடியிருப்பவரின் உரிமை போய்விடாது. "இது லீகல் பேஸ்மென்ற் இல்லை, நீங்கள் முறைப்பாடு செய்ய ஏலாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சொல்லியும் கேட்காமல் வந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், யார் வந்தது, என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள். அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். வாடகைத் தீர்ப்பாயத்துக்கு டி2 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம், நடந்து ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டும். வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும், இனி அப்படிச் செய்யக்கூடாது என்றும் தீர்ப்பாயம் கட்டளை இடலாம். விசாரணைக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டி வரும், அதற்கு மனதைத் தயார் பண்ணுங்கள். அதற்கு முன், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவும் சட்ட கிளினிக் ஒன்றில் கேட்பது நல்லது. ஸ்காபரோவிலும் இருக்கிறது, தெற்காசியச் சமூகத்துக்கென்று தனியாகவும் ஒன்று இருக்கிறது. போகும்போது ஒப்பந்தத்தின் பிரதியையும் எழுதி வைத்த குறிப்புகளையும் கொண்டுபோங்கள். ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால், நேரம் குறிக்கும்போதே தமிழ் கதைக்கும் ஒருவர் வேண்டும் என்று கேளுங்கள்.