உள்நோக்கித் திறக்கும் கதவு

சிறுவயதில் கோலி சோடா பாட்டிலைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது அதன் கழுத்தைத்தான். கோலியை எந்தத் திருகும் எந்தக் கம்பியும் பிடித்திருக்காது. உள்ளே அடைபட்ட வாயு அதை மேல்நோக்கித் தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் வாயுவே தன் வாசலைத் தானே அடைத்துக்கொண்டிருக்கும். திறக்க வேண்டுமென்றால் கோலியை உள்ளே தள்ள வேண்டும். விண்வெளி நிலையங்களில் கலங்கள் வந்து இணையும் இணைப்பறைகளையும், நிலையத்தின் காற்றை இழக்காமல் வீரர்கள் வெளியே சென்றுவர உதவும் இரட்டைக் கதவு அறைகளான ஏர்லாக்குகளையும் பற்றிச் சில மாதங்களாகப் படித்துவருகிறேன். படிக்கும் ஒவ்வொரு விபத்திலும் ஒவ்வொரு மீட்சியிலும் இந்தக் கோலி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தினுள் இருக்கும் காற்றழுத்தம் நாம் கடற்கரையில் நின்று சுவாசிக்கும் அழுத்தமேதான். சுவருக்கு அப்பால் ஏறத்தாழ வெற்றிடம். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டக் கதவை எடுத்துக்கொண்டால், உள்ளிருக்கும் காற்று அதன்மீது சுமார் 8 டன் எடைக்கு நிகரான விசையோடு அழுத்துகிறது. இந்த விசையைப் பகையாக்கிக்கொள்வதா, துணையாக்கிக்கொள்வதா என்பதைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்ற ஒரே கேள்வி தீர்மானித்துவிடுகிறது. அமெரிக்க விண்வெளி ஓடங்களின் ஏர்லாக்கில் இருந்த இரண்டு கதவுகளும் அழுத்தம் மிகுந்த பக்கம் நோக்கியே திறக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. 2001 ஜூலையில் அட்லாண்டிஸ் ஓடம் கொண்டுசென்று பன்னாட்டு நிலையத்தின் யூனிட்டி தொகுதியின் பக்கவாட்டில் பொருத்திய குவெஸ்ட் ஏர்லாக்கிலும் வெளிக்கதவு உள்நோக்கித்தான் திறக்கிறது. அறையில் காற்று இருக்கும்வரை, யார் தவறுதலாகக் கைப்பிடியைத் திருப்பினாலும் அந்தக் கதவை இழுத்துத் திறக்கும் வலிமை மனிதக் கைகளுக்கு இல்லை.

குவெஸ்ட் இரண்டு அறைகளால் ஆனது. உடைகளை வைத்துப் பராமரித்து அணிந்துகொள்ளும் பெரிய அறை ஒன்று. காற்றை வெளியேற்றிய பின் வீரர்கள் விண்ணுக்குள் இறங்கும் குறுகலான அறை மற்றொன்று. காற்று விலைமதிப்புள்ள பொருள் என்பதால், அதில் பெரும்பகுதியை ஒரு பம்ப் நிலையத்துக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. கடைசியில் எஞ்சுவதுதான் வெளியே விடப்படுகிறது. ஆனால் இங்கே காக்கப்பட வேண்டியது அறையின் காற்றைவிட மனித உடல். அமெரிக்க விண்நடை உடையினுள் அழுத்தம் நிலையத்தின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அதுவும் தூய ஆக்சிஜன்; அழுத்தத்தை இதற்கு மேல் கூட்டினால் உடை விறைத்து, விரலை மடக்குவதே பெரும்பாடாகிவிடும். சோடாவில் கோலி இறங்கியதும் குமிழிகள் பொங்குவதைப் போல, அழுத்தம் திடீரெனக் குறைந்தால் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகி, ஆழ்கடலில் மூழ்குபவர்களைத் தாக்கும் அதே நோயைக் கொண்டுவரும். ஆகவே வெளியே செல்வதற்கு முன் நெடுநேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை உடலிலிருந்து வெளியேற்றுகிறார்கள்.

இந்த நைட்ரஜன் சிக்கலே இணைப்பறையையும் ஏர்லாக்கையும் ஒன்றாக்கிய வரலாறும் உண்டு. 1975 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் அப்பல்லோவும் சோவியத் நாட்டின் சோயுஸும் சுற்றுப்பாதையில் இணைந்தபோது, முதலாவதில் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழுத்தமுள்ள தூய ஆக்சிஜனும், இரண்டாவதில் நைட்ரஜன் கலந்த சாதாரணக் காற்றும் இருந்தன. நேராகக் கதவைத் திறந்து கைகுலுக்கியிருக்க முடியாது. அதனால் அப்பல்லோ ஓர் உருளை வடிவ இணைப்புத் தொகுதியைத் தன் முகப்பில் சுமந்து சென்றது. ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்குச் செல்பவர் அதனுள் நுழைந்து, கதவை மூடி, அழுத்தம் மாறும்வரை காத்திருந்து, பிறகே அடுத்த கதவைத் திறந்தார். சோயுஸின் அழுத்தத்தையும் மூன்றில் இரண்டு பங்களவுக்குக் குறைத்து வைத்திருந்தார்கள். இரு நாட்டு வீரர்கள் கைகுலுக்கும் ஒளிப்படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கைகுலுக்கலுக்கு இடம் தந்த சிறு அறையைப் பற்றி யாரும் அதிகம் பேசாதது எனக்கு வருத்தமே.

இணைவது என்பது இரண்டு கலங்கள் மோதாமல் தொட்டுக்கொள்வதோடு முடிவதில்லை. கொக்கிகள் இழுத்து, ரப்பர் வளையங்கள் முற்றிலும் அமுங்கினால்தான் இரண்டு கதவுகளுக்கு இடையிலுள்ள சிறு வெளியில் காற்று நிற்கும். 1987 ஏப்ரலில் குவாந்த் தொகுதி சோவியத் நாட்டின் மிர் விண்வெளி நிலையத்தின் பின்வாசலில் வந்து தொட்டது. ஆனால் சில சென்டிமீட்டர் இடைவெளி மூடவே இல்லை. மிரில் இருந்த வீரர்கள் ரொமனென்கோவும் லவேய்கினும் விண்நடை சென்று பார்த்தபோது, நடுவில் ஒரு குப்பைப் பை சிக்கியிருந்தது. அதை எடுத்த பிறகே இணைப்பு இறுகியது. இன்றும் ஒரு கலம் நிலையத்தை வந்தடைந்ததும் கதவு உடனே திறக்கப்படுவதில்லை. நேரலையில் பார்ப்பவர்களுக்குப் பொறுமையைச் சோதிக்கும் அந்தக் காத்திருப்பு, காற்றுக் கசிவு உண்டா என்று பார்ப்பதற்கும் இருபக்க அழுத்தத்தைச் சமப்படுத்துவதற்குமானது.

இனி நான் சொல்ல விரும்பும் மனிதரான விண்வெளி வீரர் அனத்தோலி சொலவியோவுக்கு வருகிறேன். 1990 ஜூலை 17 அன்று அவரும் அலெக்சாந்தர் பலாந்தினும் மிர் நிலையத்தின் குவாந்த்-2 தொகுதியிலுள்ள ஏர்லாக்கிலிருந்து வெளியேறத் தயாரானார்கள். அவர்கள் வந்த சோயுஸின் வெப்பக்காப்புப் போர்வை பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் பூமிக்குத் திரும்புவது ஆபத்து. குவாந்த்-2இன் வெளிக்கதவு ஒரு மீட்டர் விட்டமுள்ளது, வெளிநோக்கித் திறப்பது. அறையின் காற்று முழுவதும் வெளியேறும் முன்பே அவர்கள் தாழ்களை விடுவித்துவிட்டார்கள். மேலே சொன்ன கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: நூற்றில் ஒரு பங்கு அழுத்தம் மீந்திருந்தாலும் அப்படிப்பட்ட கதவின்மேல் 80 கிலோ எடையின் விசை இருக்கும். கதவு படாரென்று வெளியே வீசப்பட்டது, கீல் சேதமடைந்தது. ஏழு மணி நேரத்துக்கும் மேல் நீண்ட அந்த விண்நடையின் இறுதியில் களைத்துத் திரும்பியவர்களால் கதவை மூட முடியவில்லை. திறந்த கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தொகுதியின் நடு அறைக்குள் புகுந்து, அதற்கும் ஏர்லாக்குக்கும் இடையிலிருந்த கதவை மூடி, அந்த நடு அறையையே ஏர்லாக்காக்கிக் காற்றை நிரப்பிக்கொண்டார்கள். ஒன்பது நாள் கழித்து மறுபடி வெளியே சென்றுதான் வெளிக்கதவை மூடினார்கள். கீலை மாற்றும் வேலை 1991 ஜனவரியில் வேறு குழுவின் கையில் முடிந்தது.

அடுத்த பெரிய சோதனை 1997 ஜூன் 25 அன்று மிர் நிலையத்துக்கு வந்தது. கையால் இயக்கி இணைத்துப் பார்க்கும் ஒத்திகையில் பிராக்ரஸ் சரக்குக் கலம் கட்டுப்பாடிழந்து ஸ்பெக்ட்ர் தொகுதியில் மோதியது. சுவரில் துளை விழுந்து நிலையத்தின் காற்று வெளியேறத் தொடங்கியது. ஸ்பெக்ட்ரை மூடித் துண்டிக்க வேண்டும், ஆனால் அதன் வாசல் வழியே மின்கம்பிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசல் வழியே கம்பி விடுவதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன், அவசரத்தில் கதவு கதவாக இருக்க வேண்டும். நிலையத்திலிருந்த வீரர்கள் லசூத்கினும் மைக்கேல் ஃபோலும் கம்பிகளைக் கழற்றினார்கள், கழலாதவற்றை வெட்டினார்கள். ஸ்பெக்ட்ரின் சொந்தக் கதவு அந்தத் தொகுதிக்குள் திறந்துகிடந்தது; பாய்ந்து செல்லும் காற்றை எதிர்த்து அதை இழுத்து மூட முடியவில்லை. பிறகு ஒரு தனி மூடியை எடுத்து இணைப்பறையின் பக்கத்திலிருந்து வாயிலில் வைத்தார்கள். உயிருக்கு உலைவைத்த அதே காற்று மூடியைப் பிடித்து வாயிலோடு அழுத்தியது.

ஸ்பெக்ட்ரின் சூரியத் தகடுகள் இல்லாமல் மிர் மின்சாரத்துக்குத் திண்டாடியது. அவற்றை மீட்க ஆகஸ்டில் புதிய குழு வந்தது. அதன் தலைவர் அதே அனத்தோலி சொலவியோவ். ஆகஸ்ட் 22 அன்று அவரும் பாவெல் வினோகிராதோவும் விண்நடை உடை அணிந்து, கலங்கள் வந்து இணைவதற்கான பந்து வடிவ அறையிலிருந்து காற்றை வெளியேற்றினார்கள். ஃபோல் சோயுஸினுள் காத்திருந்தார். வினோகிராதோவ் இருண்ட ஸ்பெக்ட்ருக்குள் நுழைந்து கம்பிகளைத் தேடி எடுக்க, சொலவியோவ் இணைப்பறையில் நின்று துணைசெய்தார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் உழைத்து, மின்இணைப்பிகள் பொருத்திய புதிய மூடியை வாயிலில் அமர்த்தினார்கள். அறைக்குள் காற்று திரும்ப நிரம்ப நிரம்ப, அந்த மூடி தன் வளையத்தில் இறுகிக்கொண்டது.