“போன்ல காட்டினா நம்பர் வருதே”: டீ பாக்கெட்டுக்கு பார்கோடு ரிப்போர்ட் வாங்கிய அனுபவம்

கோத்தகிரியில் சின்ன அளவில் டீத்தூள் பேக்கிங் செய்கிறோம். உள்ளூர்க் கடைகள், சீசனுக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் என்று ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்தைக் கொஞ்சம் கீழேயும் கொண்டுபோகலாம் என்று, கோவையில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டை அணுகினோம். டீ போட்டுக் குடித்துப் பார்த்தார்கள், விலை பேசினார்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. சப்ளையர் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ஒவ்வொரு பொருளுக்கும் பார்கோடு வெரிஃபிகேஷன் ரிப்போர்ட் (பார்கோடு எவ்வளவு தரமாக அச்சாகியிருக்கிறது என்று அளந்து கிரேடு போட்ட தாள்) இணைக்க வேண்டும், கிரேடு ‘சி’க்குக் கீழே போகக் கூடாது.

பார்கோடு எண் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. பார்கோடு எண்களை வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவு செய்து முறையாக வாங்கியது, 890 என்று தொடங்கும். (890 இருந்தால் இந்தியத் தயாரிப்பு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். எண்ணைக் கொடுத்தது இந்திய அமைப்பு, அவ்வளவுதான். சரக்கு எங்கே தயாரானது என்று அது சொல்லாது.) ஆனால் ரிப்போர்ட் என்று ஒன்றை யாரும் அதுவரை கேட்டதில்லை. சிவகாசியில் எங்களுக்குப் பெட்டி அச்சடித்துத் தரும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். “தம்பி, போன்ல காட்டினா டக்குனு நம்பர் வருது. இதுக்கு எதுக்கு ரிப்போர்ட்டு?” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. என் போனிலும் வந்தது.

கோவையில் லேபிள் அச்சடிக்கும் ஒரு நிறுவனத்தில் பார்கோடின் அச்சுத் தரத்தை அளக்கும் வெரிஃபையர் கருவி இருக்கிறது, கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியாருக்கும் பார்த்துத் தருவார்கள் என்று தெரியவந்தது. மடித்து ஒட்டாத பெட்டி அட்டைகளைக் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாகப் போனேன். அங்கே கருவியைப் பார்த்துக்கொள்ளும் பெண் முதலில் எங்கள் அட்டையைத் தொடவே இல்லை. அளவு சரிபார்ப்பதற்கென்றே வரும் ஒரு அட்டையை வைத்து, கருவி சரியாக அளக்கிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் எங்கள் பெட்டியைத் தட்டையாக விரித்து வைத்தார். சிவப்பு வெளிச்சம் விழுந்தது. திரையில் ஒரு வளைகோடு வந்தது. வெள்ளை இடைவெளி வரும் இடத்தில் மேலே ஏறும், கோடு வரும் இடத்தில் கீழே இறங்கும். எங்களுடையது இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. கிரேடு: எஃப், அதாவது ஃபெயில்.

காரணம் நிறம். டிகாக்‌ஷன் நிறத்தில் கோடு போட்டால் பெட்டிக்கு எடுப்பாக இருக்கும் என்று டிசைனர் பழுப்பில் போட்டிருந்தார், அதுவும் மணல் நிற அட்டையின் மேல். கடை பில் கவுண்டர்களில் இருக்கும் லேசர் ஸ்கேனர் சிவப்பு வெளிச்சத்தில் பார்க்கிறது. பழுப்பில் சிவப்பு நிறையக் கலந்திருப்பதால் அந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கேனர் கண்ணுக்குக் கோடும் பின்னணியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். போன் கேமரா எல்லா நிறத்தையும் பார்த்து, படத்தைச் சரிசெய்து படிப்பதால் அதற்குச் சிரமமே இல்லை. விதிப்படி, கறுத்த கோடு திருப்பி அனுப்பும் வெளிச்சம், வெளுத்த இடம் அனுப்புவதில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் எஃப்தான். கோடு கறுப்பு, கருநீலம், கரும்பச்சை என்று இருந்தால் பிரச்சினை இல்லை.

மதிப்பெண் போடும் முறையையும் அந்தப் பெண்ணே விளக்கினார். இது ஐஎஸ்ஓ 15416 என்ற தரத்தின்படி நடக்கிறது. கோடுகளின் உயரத்தில் பத்து இடங்களில் குறுக்கே அளக்கிறது. ஒவ்வொரு அளவிலும் நிற வேறுபாடு, கோடுகளின் விளிம்பு, அச்சில் விழுந்த புள்ளி, ஓட்டை என்று பல விஷயங்களுக்குத் தனித்தனி கிரேடு. அவற்றில் எது மட்டமோ அதுதான் அந்த அளவின் கிரேடு. பத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மொத்தக் கிரேடு. அதனால் ஒரே இடத்தில் விழுந்த மைப்புள்ளி ஆளைக் கவிழ்த்துவிடாது. மேலிருந்து கீழ்வரை இருக்கும் கோளாறு கவிழ்த்துவிடும். ரிப்போர்ட்டின் அடியில் 1.5/06/660 என்பது போல எழுதியிருக்கும். 1.5 என்பது ‘சி’ தொடங்கும் இடம், கடைப் பொருளுக்கு அதுதான் குறைந்தபட்சம். 06 என்பது கருவி வெளிச்சத்தை அளக்கும் துளையின் அளவு. 660 என்பது நானோமீட்டரில் அந்தச் சிவப்பு வெளிச்சம்.

கிளம்பும்போது இன்னொன்றும் காட்டினார். கோடுகளுக்கு இடப்பக்கம், மிக மெல்லிய கோட்டைப்போல் 11 மடங்கும், வலப்பக்கம் 7 மடங்கும் வெறுமையாக விட வேண்டும். எங்கள் பெட்டியில் பச்சைப் புள்ளி போட்ட சைவச் சின்னம் வலப்பக்க இடத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

டிசைனர் கோட்டைக் கறுப்பாக்கினார், அடியில் வெள்ளைக் கட்டம் போட்டார். பச்சைப் புள்ளியை நகர்த்த மனமில்லாமல் பார்கோடையே சுருக்கி இடம் உண்டாக்கிவிட்டார்! புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துப் பார்த்ததில் 1.2, அதாவது ‘டி’. இந்த வகைப் பார்கோடின் முழு அளவில் மிக மெல்லிய கோடு 0.33 மில்லிமீட்டர். 80 சதவீதம் வரை சுருக்கலாம். எங்களுடையது அதற்கும் கீழே போயிருந்தது. அவ்வளவு மெல்லிய இடைவெளியில் மை கொஞ்சம் பரவினாலும் வெள்ளை அடைபட்டுப் போகும்.

இங்கேதான் ரிப்போர்ட்டின் அருமை எனக்குப் புரிந்தது. அதுவரை அண்ணாச்சியும் நானும் “வருது”, “வரல” என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் பேச்சே மாறிவிட்டது. எந்த இடத்தில் கிரேடு விழுகிறது என்று பார்த்துவிட்டு அவரே, “மை பரவுதுன்னா பிளேட்லயே கோட்டைக் கொஞ்சம் ஒல்லியாக்கிடலாம் தம்பி. ஆனா சைஸ முழுசாக் குடுங்க” என்றார். பார்கோடைப் பெட்டியின் பின்பக்கத்துக்கு மாற்றி முழு அளவில் வைத்தோம். 3.1, ‘பி’ வந்தது.

பணக் கணக்குக்கு வருகிறேன். ரிப்போர்ட்டுக்கான கட்டணம், கடைக்கு அனுப்பும் ஒரு அட்டைப்பெட்டிச் சரக்கின் விலைகூட ஆகவில்லை. அது இல்லாமல் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: ஸ்கேன் ஆகாத சரக்கு திரும்பி வரும், வண்டி வாடகை நம் தலையில், மேலே டெபிட் நோட், அதாவது நமக்கு வர வேண்டிய பணத்தில் பிடித்தம். ஒரு சீசனுக்குச் சேர்த்து அச்சடித்த பெட்டிகள் மொத்தமும் குப்பை, அல்லது ஒவ்வொன்றின் மேலும் ஆள் வைத்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். தெரியாத நஷ்டம்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஸ்கேன் ஆகாவிட்டால் பில் போடும் பிள்ளை 13 இலக்கத்தையும் தட்ட வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு டீ பாக்கெட்டின் பார்கோடை ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவார், விலை ஒன்றாக இருந்தால் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் நம் சரக்கு விற்காமல் கிடப்பதாகக் காட்டும், அலமாரி காலியாக இருக்கும், அடுத்த ஆர்டர் வராது. டீ பிடிக்கவில்லை போல என்று நாமும் நினைத்துக்கொண்டிருப்போம்.

நல்ல கிரேடு வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்று இருக்கவும் முடியாது. 250 கிராம் பெட்டியில் 100 கிராமின் எண்ணை அச்சடித்தாலும் வெரிஃபையர் ‘ஏ’ கொடுக்கும். அது பார்ப்பது அச்சின் தரத்தை. எண் சரியா என்று நாம்தான் பட்டியலை வைத்து ஒப்பிட வேண்டும். கோட்டின் உயரத்தை வெட்டிக் குறைத்தாலும் கிரேடு குறையாது, கவுண்டரில் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டும்போதுதான் தெரியும். வெளி அட்டைப்பெட்டிக்குக் கணக்கே வேறு. நெளி அட்டையில் நேரடியாக அச்சடிக்கும் பெரிய பார்கோடுக்கு 0.5/20/660 போதும். அதில் ‘பி’ வேண்டும் என்று அச்சகத்தோடு சண்டை போடுவது வீண்.

இப்போது பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுகிறோம்: முழு அளவு, கறுப்பு, குறைந்தது 1.5/06/660, அச்சு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த தாள்களுக்கு ரிப்போர்ட். முடிவில் எடுத்த தாளையும் கேட்பதற்குக் காரணம், ஓட ஓட மை கூடும் குறையும். அண்ணாச்சி இதற்காக விலையை ஏற்றவில்லை. மற்ற பார்ட்டிகளிடமும் இதையே காட்டி ஆர்டர் பிடிக்கிறார் என்று கேள்வி.

அடுத்து நீலகிரித் தைலம் போகிறது. பாட்டில் சின்னது, வளைவு அதிகம். கோடுகள் வழக்கம்போல் நின்றால் ஓரத்துக் கோடுகள் வளைவில் மறைந்துவிடும் என்பதால் ஏணிப்படி மாதிரி படுக்க வைத்து லேபிள் போடச் சொல்லியிருக்கிறோம். சாம்பிளைப் பாட்டிலில் ஒட்டிக் கோவைக்கு அனுப்ப வேண்டும்.