பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் ‘இன்ஃப்ளமேஷன்’ என்று வந்தால்

பாப் ஸ்மியர் என்பது கருப்பை வாய்ச் செல்களை எடுத்து, புற்றுநோய் அறிகுறி உண்டா என்று பார்க்கும் பரிசோதனை. அதன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலருடைய கண் ‘இன்ஃப்ளமேஷன்’ (அழற்சி) என்ற சொல்லில்தான் போய் நிற்கிறது. முதலில் தேட வேண்டியது ‘என்ஐஎல்எம்’ என்ற வரியை. அது இருந்தால் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ தென்படவில்லை என்று பொருள். அழற்சி அதற்குக் கீழே வரும் கூடுதல் குறிப்பு மட்டுமே.

மைக்ராஸ்கோப்பில் அழற்சி உள்ள செல்களின் உட்கரு, வழக்கத்தைவிட பரப்பளவில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் அதன் விளிம்பு வழுவழுப்பாக, சாயம் ஒரே சீராக ஏறியிருக்கும். சுற்றிலும் வெள்ளையணுக்கள் மொய்த்துக் கிடக்கும். தொற்று, காப்பர்-டி, கதிர்வீச்சு சிகிச்சை, மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து மெலிந்துபோன பிறப்புறுப்பின் உட்தோல் என்று காரணங்கள் பல. உட்கரு இரண்டரை மடங்கையும் தாண்டினால் சந்தேகம் வருகிறது. ‘ஏஎஸ்சி-யூஎஸ்’ (இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாத செல் மாற்றம்) என்று தனியாக எழுதுவார்கள், அதற்கான வழிமுறை வேறு.

‘இன்ஃப்ளமேஷன்’ என்ற ஒரு சொல்லுக்காக ஆன்டிபயாடிக் எழுதித் தரும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். வெள்ளைப்படுதல், துர்நாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலி எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் மருந்து தேவையில்லை. அடுத்த பரிசோதனைக்கு வழக்கமான தேதியில் போனால் போதும். ட்ரைக்கோமோனாஸ் என்று கிருமியின் பெயரே குறிப்பிட்டிருந்தால் கதை வேறு: அதை உறுதிசெய்து கணவருக்கும் சேர்த்து மருந்து தர வேண்டும், இல்லாவிட்டால் தொற்று திரும்ப வரும். கேண்டிடா என்ற பூஞ்சை தென்பட்டும் அரிப்பு இல்லையென்றால் விட்டுவிடலாம். காப்பர்-டி உள்ளவருக்கு ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியா இருப்பதாக வந்தாலும், தொந்தரவு இல்லாதபோது காப்பர்-டியை எடுக்க வேண்டியதில்லை.

சாம்பிள் ‘அன்சாட்டிஸ்ஃபேக்டரி’ என்றிருந்தால் மட்டும் விடக்கூடாது. வெள்ளையணுக்கள் முக்கால் பங்குக்கு மேல் செல்களை மறைத்துவிட்டன என்றால் அது நல்ல முடிவும் இல்லை, கெட்ட முடிவும் இல்லை. சோதனையே நடக்காத மாதிரி. காரணத்தைச் சரிசெய்து 2 முதல் 4 மாதத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டும். மெலிந்த தோல்தான் காரணமென்றால் அதற்கு முன் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உதவும். சாம்பிள் எடுப்பதற்கு 48 மணி நேரம் முன்பிருந்து உடலுறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, உட்புறம் கழுவுதல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மாதவிடாய் நாட்களையும் தவிருங்கள்.

எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) பாசிட்டிவ் என்றால் அழற்சியைக் காரணம் காட்டி ஒதுக்காமல் அதற்குரிய தொடர் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். உடலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிடாய் நின்றபின் ரத்தம் இருந்தால் ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் மருத்துவர் கருப்பை வாயை நேரில் பார்த்தே ஆக வேண்டும்.