வெள்ளிக்கிழமை பிரியாணி

பாளையங்கோட்டையில் ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளி. சம்பளம் அரசாங்கம் தருவது, நிர்வாகம் குருக்களுடையது. நான் இந்து. 2024-25 கல்வியாண்டு முடிகிற சமயத்தில், சமய நல்லிணக்கம் பற்றி வகுப்பாசிரியர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று தலைமையாசிரியர் ஃபாதர் கேட்டிருந்தார். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் விழா, பேச்சுப்போட்டி, உறுதிமொழி என்று வழக்கமானவைதான் இடம்பிடித்தன.

நல்லிணக்கம் என்றாலே பள்ளிகளில் மேடைதான். ஒருவனுக்குத் திருநீறு, ஒருவனுக்குத் தொப்பி, ஒருவனுக்கு வெள்ளை அங்கி. மூவரும் கைகோர்க்க ஒரு போட்டோ. வேஷம் கட்டுகிறவன் அந்த மதத்துப் பையனாகக்கூட இருக்கமாட்டான். அங்கி யாருக்குச் சரியாக இருக்கிறதோ அவன்தான் பாதிரியார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பையன்களுக்கு ஒரு பீரியடு மிச்சம்.

மேடைக்கு வெளியே நடந்ததுதான் எனக்கு நினைவில் நிற்கிறது. கார்த்திகை பிறந்ததும் என் வகுப்பில் சிலர் மாலை போட்டு, செருப்பில்லாமல் வந்தார்கள். ஷூ கட்டாயம் என்கிற விதியை அந்த நாட்களில் பி.டி. சார் மறந்துவிடுவார். ஃபாதரே, "என்ன சாமி, ஹோம்வொர்க் எங்கே?" என்றுதான் கேட்பார். அவர்களில் ஒருவன் வீட்டில் அம்மன் கொடைக்கு முளைப்பாரி போடுகிற வழக்கம் உண்டு. அரையாண்டுத் தேர்வு நடக்கும்போதே கிறிஸ்துமஸ் குடில் வேலையும் தொடங்கிவிடும். குடிலைச் சுற்றிப் புல்வெளி மாதிரி வைக்கத் தட்டில் கேழ்வரகு தூவி முளைக்க வைப்பார்கள். அந்தப் பொறுப்பை அவனே வாங்கிக்கொண்டான். முளைப்பாரியை இருட்டில் வைத்தால் வெளிர் மஞ்சளாக வரும், குடிலுக்குப் பச்சையாக வேண்டும், அதனால் ஜன்னலோரம் வைக்கவேண்டும் என்று கத்தோலிக்கப் பையன்களை வேலை வாங்கினான். யாரும் அவனுக்கு நல்லிணக்கச் சான்றிதழ் கொடுக்கவில்லை.

மார்ச் மாதம் இன்னும் விசேஷம். 2025-இல் மார்ச் 2 அன்று ரமலான் நோன்பு தொடங்கியது, மார்ச் 5 அன்று கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன். ஆக, நோன்பும் தவக்காலமும் ஒன்றாக வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒருவன் டப்பா நிறையக் கோழி பிரியாணியோடு வந்தான். பக்கத்தில் இருந்த கத்தோலிக்கப் பையன், தவக்கால வெள்ளி, கறி ஆகாது என்றான். அடுத்தவன் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் எப்போதுமே கறி கிடையாது. மேலப்பாளையத்து முஸ்லிம் பையன்கள் நோன்பு. கடைசியில் கொண்டுவந்தவனே தனியாக உட்கார்ந்து தின்று முடித்தான். எங்கள் கணக்கு சார் சொன்னார்: "எல்லா மதமும் ஒன்றுதான்னு இவன் ஒருத்தனுக்குத்தான் சார் இன்னிக்குப் புரிஞ்சிருக்கும்."

மார்ச் 28 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்க இருந்ததால் மாலையில் சிறப்பு வகுப்பு நடந்தது. நோன்பு திறக்க ஆறரை ஆகும். அதற்குள் மேலப்பாளையம் போய்ச் சேரவேண்டியவர்களை முன்னதாகவே விட்டோம். இடைவேளைச் சுண்டலை அவர்கள் பொட்டலமாக வாங்கிக்கொண்டு போனார்கள். இதற்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை.

தேர்வுக்கு முன் வழிபாடு ஒன்று உண்டு. ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் பீடத்தில் வைத்தால் ஃபாதர் மந்திரித்துக் கொடுப்பார். இந்துப் பையன்கள்தான் முண்டியடித்து வைப்பார்கள், பிறகு அதே பேனாவைப் பிள்ளையாரிடமும் கொண்டுபோவார்கள். சிலர் பின்வரிசையில் பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்கள். 'நீயும் போய் வையேன்' என்று யாராவது அன்பாகச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. அந்த அன்பு பையனுக்குப் பெரிய சங்கடம். இந்த முறை யாரும் சொல்லவில்லை.

உறுத்துவது வேறொன்று. வாரத்தில் ஒரு பீரியடு வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கர்கள் மறைக்கல்விக்கு ஒரு அறை, மற்றவர்கள் நன்னெறிக்கு என்னிடம். பிரிப்பதற்கு நியாயம் இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஒரு மாணவனை, பெற்றோர் சம்மதமில்லாமல் சமய போதனையில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. நல்ல பிரிவு அது. ஆனால் நடைமுறையில், கடவுளைப் பற்றிப் பேசுகிற நேரம் பார்த்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் விட்டுப் போகிறார்கள். பிரியாணி, கிரிக்கெட் எல்லாம் சேர்ந்து. இது மட்டும் தனித்தனி.

சேர்ந்து பேசினால் எப்படியிருக்கும் என்பதைத் தமிழ் வகுப்பில்தான் பார்த்தேன். பத்தாம் வகுப்புப் பாடநூலில் வீரமாமுனிவரின் தேம்பாவணி இருக்கிறது. தாய் எலிசபெத் இறந்துபோகக் காட்டில் கருணையன் தனியாக அழுகிற பகுதி. கருணையன் என்பது திருமுழுக்கு யோவான் என்று சொன்னதும் ஒரு கத்தோலிக்கப் பையன் ஏதோ தன் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவருடைய அப்பா பெயர் சக்கரியா என்று எடுத்துக்கொடுத்தான். உடனே பின்பெஞ்சிலிருந்து, "ஐயா, ஜகரிய்யா நபியோட மகன்னா அது எங்க யஹ்யா நபிதானே?" என்று ஒரு குரல். குர்ஆனில் மர்யம் பெயரிலேயே ஒரு அத்தியாயம் இருப்பதையும், அது ஜகரிய்யா நபியின் பிரார்த்தனையோடுதான் ஆரம்பிக்கிறது என்பதையும் அவன் சொல்ல, இவன் வாயைப் பிளந்தான். நான் நடத்தவேண்டிய அணி இலக்கணம் அன்றைக்கு நடக்கவில்லை. இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படிப்பவர்கள். நோன்புக் கஞ்சியும் கேக்கும் பல வருஷம் மாறியிருக்கின்றன, இந்தப் பேச்சு மட்டும் வந்ததே இல்லை.

ஆண்டிறுதிக் கூட்டம் முடிந்து ஃபாதரிடம் கேட்டேன்: மாதத்தில் ஒரு வாரம் மட்டும் இரண்டு வகுப்பையும் சேர்த்து வைத்து, போதனை இல்லாமல், பையன்களே கேட்டுப் பையன்களே பதில் சொல்கிற மாதிரி வைக்கலாமா? யாராவது கிண்டலாக ஒன்று கேட்டு, அது வீட்டுக்குப் போய், வீட்டிலிருந்து ஊருக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். இந்தக் காலத்தில் அது வெற்றுப் பயம் இல்லை. நானும் உட்கார்ந்திருப்பேன் என்றேன். அவர் முழுசாக ஒப்பவில்லை. எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குவதானால், ஜூனில் டைம்டேபிள் போடும்போது பார்க்கலாம் என்றார்.

சம்மதப் படிவத்தை எழுதி வைத்திருக்கிறேன். முதலில் மேலப்பாளையத்துப் பெற்றோர் ஒருவரிடமும், மறைக்கல்விக்குத் தவறாமல் அனுப்புகிற ஒரு வீட்டிலும் படிக்கக் கொடுக்கவேண்டும். எந்த வரியில் தயங்குகிறார்களோ, அதை மாற்றி எழுதிக்கொள்ளலாம்.